ஸ்டெப்னி சார் வாங்கிய இரண்டாவது பேட்டரி

தாம்பரத்துக்குத் தெற்கே வசிக்கிற மொத்த ஜனத்தொகையிலும் ஒற்றைப் பொருளைக் கண்டால் வியர்த்துப்போகிற ஒரே மனிதர் எங்கள் ஸ்டெப்னி சார்தான். பாம்பைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்கிறவர்கள் உண்டு. எங்கள் சாருக்கு ஒரே ஒரு குடை, ஒரே ஒரு சாவி, ஒரே ஒரு பேனா என்று எதைக் காட்டினாலும் முகம் வெளுத்துவிடும். "இது போச்சுன்னா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அவர் ஒப்புக்கொள்ளும்படி பதில் சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பு. நான் இரண்டாவது மாடி. அவர் எனக்கு நேர் கீழே முதல் மாடி. பம்மலில், தோல் பதனிடும் மெஷின்களுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். பகலெல்லாம் உதிரி பாகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த பழக்கம் சாயங்காலம் அவர் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டில் மிக்ஸி இரண்டு, இஸ்திரிப் பெட்டி இரண்டு, சுவர்க் கடிகாரம் இரண்டு. கடிகாரங்கள் இரண்டும் வேறு வேறு நேரம் காட்டும். எதை நம்புவது என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துக்கங்க ரைட்டர் சார்" என்றார். நான் பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் அது.

ஒரு மழை நாளில் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் நான் நனைந்துகொண்டு நின்றேன். பக்கத்தில் சார். கையில் விரித்த குடை ஒன்று, அக்குளில் மடித்த குடை ஒன்று. "சார், அதைக் கொஞ்சம் குடுங்களேன்" என்றேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"குடுத்துட்டா அப்புறம் எனக்கு ஸ்பேர் ஏது சார்?"

ஆனால் கல்நெஞ்சக்காரர் இல்லை. விரித்த குடையை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். அவருடைய இடது தோளும் என்னுடைய வலது தோளும் சொட்டச் சொட்ட நனைய, வீடுவரை இருவரும் ஒரே குடையில் வந்து சேர்ந்தோம். அக்குளில் இருந்த குடை மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் படவில்லை.

அவர் கல்யாணக் கதையை அவருடைய மனைவி கஸ்தூரி அக்கா வாயால் கேட்க வேண்டும். அக்கா இந்த ஊரின் பழைய குடும்பத்துப் பெண். இன்றைக்கு அடுக்குமாடிகள் நிற்கிற இடத்தில் அவர் அப்பா நெல் போட்டவர். அக்கா பேசினால் தெருவே கேட்கும்.

"மாப்ள வூட்டு சைடுல ரெண்டு ஐயரு வந்தாங்க. இன்னாத்துக்குடா ரெண்டுன்னு எங்கப்பா கேட்டா, ஒருத்தருக்கு தொண்டை கட்டிச்சுன்னா இன்னொருத்தராம். மொதல்ல இருந்தவரு மந்திரம் சொல்லச் சொல்ல, ஸ்பேரா வந்தவரு பக்கத்துல குந்திகினு, அது அப்படி இல்ல, இப்படின்னு தப்பு கண்டுபிடிச்சுகினே இருந்தாரு. தாலி கட்றதுக்குள்ள ரெண்டு பேருக்கும் சண்டை. நல்லகாலம், பொண்ணு மட்டும் ஒண்ணுதான் பாத்திருந்தாரு."

'ஸ்டெப்னி' என்ற பெயர் பட்டறையில் வைத்தது. காரின் பின்னால் கிடக்கும் உபரி டயருக்கு நம் ஊரில் அதுதான் பெயர். அதே பெயர் நம் ஊரில் வேறொரு உறவுக்கும் வழங்குவதால் அக்கா இது விஷயத்தில் மிகவும் கறார். "அவரை இன்னா வேணா கூப்ட்டுக்கங்க. என்னை எவனாவது ஸ்டெப்னி சார் சம்சாரம்னு சொன்னீங்க, அவ்ளோதான்" என்று குடியிருப்புக் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டார். அதற்கு எதிர்ப்பே இல்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்க வேண்டிய கதை ஒருநாள் பட்டறையில் நின்றது. ஸ்டோரில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது சாருக்கு நெஞ்சு வலித்தது. குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

நான் பார்க்கப் போயிருந்த நேரம் டாக்டர் உள்ளே வந்தார். சார் படுத்தபடியே கேட்டார்:

"டாக்டர், கையோட கையா இன்னொரு ஸ்டென்டும் வெச்சு விட்டுடலாமே. ஸ்பேரா இருக்கட்டும்."

டாக்டர் சிரித்தார். "அடைப்பு ஒண்ணுதான் சார் இருந்தது. அதுக்கு ஒண்ணு போதும்."

"ஹார்ட்டு?"

"அதுவும் ஒண்ணுதான்."

டாக்டர் தமாஷாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சார் சிரிக்கவில்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார். இத்தனை வருஷமாக உடம்புக்குள் மாற்று இல்லாத ஒரு பொருளை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தார். எங்கள் தெருமுனையில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அதுவரைக்கும் போவார், நிற்பார், மெயின் ரோட்டைப் பார்ப்பார், திரும்பிவிடுவார். அதற்கு அப்பால் அவருக்கு வெளிநாடு. நடுவழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பட்டறை முதலாளி நல்ல மனிதர், "உடம்பு தேறினதும் வாங்க, ஸ்டோர் உங்களுக்காகக் காத்திருக்கும்" என்றார். டாக்டரும் வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். சார் போகவில்லை. மாதங்கள் போயின. கோடை போய் மழை வந்தது. சார் டிரான்ஸ்பார்மரைத் தாண்டவில்லை.

ஒருநாள் மாடிப்படியில் கஸ்தூரி அக்கா என்னை நிறுத்தினார். அன்றைக்கு அவர் குரல் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"மனுஷன் பொழச்சு வந்துட்டாரு தம்பி. ஆனா இன்னும் வாழ ஆரம்பிக்கல. நீங்க எதுனா சொல்லிப் பாருங்களேன்."

நான் சொல்லிப் பார்த்ததில் எதுவும் நடக்கவில்லை. நடந்தது அவர் மகளால். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். எலக்ட்ரிக் சைக்கிள். காலால் மிதித்தால் போகும், கால் ஓய்ந்தால் மோட்டார் உதவும். சார் அதை மறுபடி மறுபடி பார்த்துவிட்டு என் வீட்டுக் கதவைத் தட்டினார். முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் தெரிந்தது.

"ரைட்டர் சார், யோசிச்சுப் பாருங்க. மோட்டார்னா என்ன? காலுக்கு ஸ்பேர்."

மறுநாளே தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு என்னுடைய ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் என் சட்டையைப் பிடித்த பிடியில் முதுகுத் தையல் விட்டுப்போனது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அவர் டிரான்ஸ்பார்மரைத் தாண்டியது என் பின்னால் ஒளிந்துகொண்டுதான் என்றாலும், தாண்டியது தாண்டியதுதான்.

கடைக்காரர் காட்டியது மலையேறுகிற ரகம். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், கறுப்பு உடம்பு. பார்த்தால் எருமைக் கன்று முறைப்பது போல் இருந்தது.

"தாம்பரத்துல எதுக்குங்க மலை சைக்கிள்?" என்றேன் நான்.

"சார் எந்தப் பக்கம் குடியிருக்காரு?"

"பீர்க்கன்கரணை. உள் தெரு."

கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "உங்க தெருவுல மலையில்லைன்னு நெஞ்சுல கைவெச்சு சொல்லுங்க பாப்போம்."

மழைக்குப் பிறகு எங்கள் தெரு இருந்த நிலையில் என்னால் சொல்ல முடியவில்லை. சார் ஏற்கெனவே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"ஒரு சார்ஜுல எவ்ளோ தூரம் போவும்?"

"செங்கல்பட்டு போய்ட்டு வந்துரலாம் சார்."

"வந்ததுக்கு அப்புறம் எங்கியாவது போவணும்னா?"

"சார்ஜ் போட்டுக்குங்க."

"கரென்ட் இல்லைன்னா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த ஹெல்மெட்டுகளைப் பார்த்தேன்.

"இன்னொரு பேட்டரி வாங்கி வெச்சுக்கலாம் சார். ஆனா அது சைக்கிள் விலையில பாதிக்கு வரும். அதுவும் ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும். பேட்டரின்னா சும்மா வெச்சிருந்தாலும் வயசாகும் சார். இது பழசாகும்போது புதுசு வாங்கினீங்கன்னா லாபம்."

"அப்ப இந்த மாடல் நின்னுபோச்சுன்னா?"

நியாயமான கேள்விதான். கடைக்காரரே அதை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது அவர் செய்த தவறு. சைக்கிளை வாங்கிவிட்டோம். ஆனால் அன்றைக்குத் தொடங்கியது, இரண்டாவது பேட்டரி வாங்குவதா வேண்டாமா என்கிற விசாரணை.

பல வாரங்கள் நடந்தது. காலையில் வேண்டும் என்பார், மத்தியானம் வேண்டாம் என்பார். பேட்டரிக்குப் பதிலாக வழியில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியதும் பிளக் பாயின்ட் உள்ள கடைகளைப் போனிலேயே விசாரிக்க ஆரம்பித்தார். டெய்லர் கடையில் உண்டு, ஆனால் ஞாயிறு லீவு. பரோட்டாக் கடையில் உண்டு, ஆனால் மாவு பிசைகிற மெஷின் அதில் ஓடுகிறது. ஒருநாள் காலை ஆறு மணிக்கு எனக்குப் போன்.

"உங்க மச்சான் வீடு வண்டலூர்லதானே? பிளக் பாயின்ட் வாசல்ல இருக்கா, உள்ள இருக்கா?"

இதற்கிடையில் குடியிருப்புச் சங்கம் கூடியது. பேட்டரி வெடிக்கும் என்று யாரோ வீடியோ அனுப்பியிருந்தார்கள். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் செகரட்டரி எதையும் தீர்மானமாக நிறைவேற்றாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காதவர். பகலில் மட்டுமே சார்ஜ் போட வேண்டும், பக்கத்தில் ஒரு வாளி மணல் வைக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு ஒரு பேட்டரிதான் என்று மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. சார் இரண்டு வாளி மணல் வைத்தார். மூன்றாவது தீர்மானம்தான் அவரைப் பாதித்தது. ஒன்றுக்கு மேல் கூடாது என்று யாராவது சொன்னால் அவருக்கு அது கட்டாயம் வேண்டும். அன்று மாலையே கடைக்குப் போன் செய்து இரண்டாவது பேட்டரிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார்.

"உங்க வீட்டுல பேட்டரி எதுவும் இல்லையே?"

"இல்லை."

"அப்ப உங்க கணக்குல ஒண்ணு வெக்கலாம்."

இப்படியாக, இன்னும் வந்தே சேராத ஒரு பேட்டரிக்கு என் வீட்டில் அலமாரி ஒதுக்கப்பட்டது.

அது வரும்வரை சைக்கிளில் ஏற மாட்டேன் என்றார் சார். சைக்கிள் ஹாலில் நின்றது. தினமும் துடைப்பார், காற்று பார்ப்பார், மணி அடித்துப் பார்ப்பார். இடப்பக்கம் ஒரு மணி, வலப்பக்கம் ஒரு மணி. அக்கா இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவில் தலையை வைத்துத்தான் டிவி பார்க்க முடிந்தது. முதலில் அதில் துண்டு காயப் போட்டார். அப்புறம் போர்வை. கடைசியில் ஒருநாள் காலை நான் பால்கனியில் காபியோடு நிற்கும்போது, சுடிதார் போட்டு துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, கஸ்தூரி அக்கா அந்த எருமைக் கன்றின் மேல் ஏறி உட்கார்ந்து தெருவில் போய்க்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூட நாட்களில் தாம்பரத்துக்குச் சைக்கிளில் போய் வந்தவராம். கல்யாணத்துக்குப் பிறகு தொடவில்லை. தெருவில் பால் வாங்கப் போனவர்கள், பேப்பர் போடுகிறவர், நாய் உட்பட எல்லோரும் நின்றுவிட்டார்கள். பின்னாலேயே சார் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடாத குறையாக வந்தார்.

"கஸ்தூரி, மெதுவா போ. பிரேக்கு ரெண்டு இருக்குது, ரெண்டையும் புடி."

"ரெண்டையும் புடிச்சா எப்படிங்க போறது?" என்று கேட்டுக்கொண்டே அக்கா டிரான்ஸ்பார்மரைத் தாண்டித் திரும்பிவிட்டார். சார் அங்கேயே நின்றார். எட்டிப் பார்த்தார். ஒரு காலைக்கூட முன்னால் வைத்தார். அப்புறம் எடுத்துக்கொண்டார்.

அது முதல் அக்கா தினமும் போனார். சார் தினமும் டிரான்ஸ்பார்மர் அருகில் காத்திருந்தார். திரும்பி வந்ததும், வெளிநாடு போய் வந்தவரை விசாரிப்பது போல் விசாரிப்பார்.

"ஏரில தண்ணி எவ்ளோ இருக்கு?"

"ரொம்பி கீது. கரை வரைக்கும். வெள்ளை வெள்ளையா கொக்கு வந்து குந்திகினு கீது. வந்து பாருங்களேன், கொக்கு இன்னா உங்களை மட்டும் கடிக்கவா போவுது?"

"பேட்டரி வரட்டும்" என்பார் சார்.

பொங்கலுக்குச் சில நாட்கள் முன்னால் பேட்டரி வந்தது. பழைய வேட்டியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெயில் படக்கூடாது, அடுப்புச் சூடு படக்கூடாது, தரையில் வைக்கக்கூடாது என்று என் மனைவியிடம் வரிசையாகச் சொன்னார்.

"சாப்பாடு எதாவது போடணுமா அண்ணா?" என்றாள் என் மனைவி.

"வேணாம்மா. வாரத்துக்கு ஒருவாட்டி போய்ப் பாருங்க."

"பாத்து என்ன செய்யணும்?"

"சும்மா பாருங்க. போதும்."

பேட்டரி வந்தாகிவிட்டது, இனி ஓட்டுவார் என்று நாங்கள் நினைத்தோம். மார்கழி முடியட்டும் என்றார். கஸ்தூரி அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு அவர் வீட்டில் டிவி சத்தம்கூட இல்லை.

மார்கழியின் கடைசி நாள் போகி. மறுநாள் பொங்கல். சென்னையில் இருக்கிற பாதிப் பேர் தென் மாவட்டங்களுக்குக் கிளம்பிக் கொண்டிருந்தார்கள். அந்த நாளில் ஜி.எஸ்.டி. ரோடு எப்படி இருக்கும் என்பதைப் பெருங்களத்தூர்க்காரர்களிடம் கேட்கக் கூடாது, அழுதுவிடுவார்கள். கரும்பு வாங்கி வருகிறேன் என்று மத்தியானம் அக்கா சைக்கிளில் கிளம்பினார். நாலரை மணி வாக்கில் என் வீட்டுக் கதவு இடிபட்டது. சார் கையில் போன்.

"கஸ்தூரி பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புல நிக்கறா. பேட்டரி தீந்துபோச்சாம்."

"எப்படித் தீரும்? தினமும் சார்ஜ் போடறீங்களே."

அவர் முகம் தொங்கியது. "பாதிக்கு மேல சார்ஜ் போட்டா பேட்டரிக்கு ஆயுசு குறையும்னு படிச்சேன். பாதிதான் போடறேன். மூணு நாளா அதுவும் போடலை."

ஸ்கூட்டரை எடுக்கிறேன் என்று கீழே போனேன். சார் என் அலமாரியில் இருந்த பேட்டரியை வேட்டியோடு தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கி வந்தார். மெயின் ரோட்டு முனை அங்கிருந்தே தெரிந்தது. கார்கள் அசையவில்லை. ஒரு ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்துவிட்டுக் கால் மேல் கால் போட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நடந்துதான் போக முடியும்.

"குடுங்க, நான் கொண்டுபோய் குடுத்துட்டு வரேன்" என்றேன்.

"உங்களுக்கு மாட்டத் தெரியாது. போல்ட்டு மாதிரி இல்ல அது. ஒரு பக்கமா சாய்ச்சு இறக்கணும்."

அவர் வேட்டி மூட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். நடந்தார். நான் பின்னால் நடந்தேன். டிரான்ஸ்பார்மர் வந்தது. சார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போனை எடுக்க மாட்டேங்கறா, இந்த சத்தத்துல எங்க கேக்கப் போவுது" என்று முனகிக்கொண்டே மெயின் ரோட்டில் கால் வைத்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நடுத்தூக்கத்தில் நடக்கிறவரை எழுப்பக் கூடாது என்பார்களே, அந்தப் பயம். பாக்கெட்டில் போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவருடைய மூச்சையே கேட்டுக்கொண்டு போனேன்.

பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவில், பெட்டியும் பிள்ளைகளுமாகப் போகிற குடும்பங்களுக்கு நடுவில், சார் சந்து கண்டுபிடித்துப் போனார். பாதி வழியில் பேட்டரியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ்காரர் ஒருவர் கையை நீட்டி மறித்தார். வேட்டியில் சுற்றிய கனமான பெட்டி, வியர்த்து வழிகிற ஆள், பின்னாலேயே பதற்றத்தோடு இன்னொரு ஆள். எனக்கே எங்கள் மேல் சந்தேகம் வந்திருக்கும்.

"இன்னாது அது?"

"பேட்டரி சார்."

"எதுக்கு பேட்டரி?"

"மலை சைக்கிளுக்கு."

போலீஸ்காரர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். "இங்க எங்க கீது மலை?"

"மலை இல்ல சார். சம்சாரம் இருக்கா. கரும்பு வாங்க வந்தவ. சைக்கிள் நின்னுபோச்சு. காலையிலேர்ந்து ஒழுங்கா சாப்பிடல அவ. கொஞ்சம் விடுங்க சார்."

போலீஸ்காரர் வேட்டியை விலக்கிப் பார்த்தார். அப்புறம் சாருடைய முகத்தைப் பார்த்தார். ஊர்ந்துகொண்டிருந்த ஒரு வேனைக் கையைக் காட்டி நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார்.

கஸ்தூரி அக்கா நிழற்குடைக்குப் பக்கத்தில், சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தார். சைக்கிளோடு நெடுக்காகக் கட்டிய ஒரு கட்டுக் கரும்பு முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடியில் மஞ்சள் கொத்து.

"ஜோடி இன்னா விலைன்னு ஏகப்பட்ட பேர் கேட்டுட்டாங்க" என்றார் எங்களைப் பார்த்ததும். "ஒருத்தர் பேரம் பேசி, பையைக்கூட நீட்டிட்டாரு."

சார் சிரிக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைகிற டாக்டர் போலச் சைக்கிள் முன்னால் குனிந்தார். வேட்டியைப் பிரித்தார். காலியான பேட்டரியைக் கழற்ற வேண்டும். அதற்குப் பூட்டு உண்டு. சாவிக்காகச் சட்டைப் பையில் கைவிட்டார். பேன்ட் பையில் விட்டார். மறுபடி சட்டைப் பையில் விட்டார்.

"சாவி?" என்றேன்.

"வீட்டுல மாட்டியிருக்கு."

"ஸ்பேர் சாவி?"

அவர் சொல்ல முடியாமல் சொன்னார். "அதுவும் அதே வளையத்துலதான் இருக்கு."

அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் பேட்டரி. சுற்றிலும் ஹாரன். அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தி, தான் எங்கே இருக்கிறோம் என்று பார்த்தார். மேம்பாலத்தைப் பார்த்தார், பஸ்களைப் பார்த்தார், வந்த வழியைப் பார்த்தார். அவர் கை மெதுவாக நெஞ்சுக்குப் போனது.

கஸ்தூரி அக்கா சட்டென்று பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னாங்க, வலிக்குதா?"

சார், உள்ளே யாரோ பேசுவதைக் கேட்பது போல் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போனை வெளியே எடுத்துவிட்டேன்.

"இல்ல" என்றார் கடைசியில். அப்புறம், அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், "பசிக்குது" என்றார்.

வண்டியில் வறுத்த கடலை விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் வாங்கி வந்தேன். மூன்று பேரும் கரும்புக்குக் கீழே உட்கார்ந்து உரித்துச் சாப்பிட்டோம். கொஞ்ச நேரம் கழித்துச் சார் பெருமூச்சு விட்டார்.

"இனிமே வீட்டுக்குப் போய் சாவி எடுத்துட்டு வரணும். அதுவரைக்கும் நீ எப்படி நிப்பே?"

"எதுக்கு நிக்கணும்?" என்றார் அக்கா கடலைத் தோலை ஊதியபடி. "சைக்கிள்தானே இது. மிதிச்சா போய்ட்டுப் போவுது."

சாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாதக்கணக்கில் பேட்டரி பற்றிப் பேசிய எங்கள் இருவருக்கும் அந்த விஷயம் மறந்தே போயிருந்தது.

"அப்ப மிதிச்சு வந்திருக்க வேண்டியதுதானே? எதுக்கு இவ்ளோ நேரம் நின்னே?"

அக்கா கடலை ஒன்றை உரித்தார். உரித்ததைச் சாரின் உள்ளங்கையில் வைத்தார்.

"போன் பண்ணி, பேட்டரி தீந்துபோச்சு, மிதிச்சுகினு வரேன்னு சொல்லத்தான் பண்ணேன். நீங்க 'அங்கியே நில்லு, நான் வரேன்'னு சொன்னீங்க. தெருமுனையைத் தாண்டாத மனுஷன் வரேன்றாரு. வரட்டும்னு நின்னேன்."

சார் அந்தக் கடலையை வெகுநேரம் மென்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பேட்டரி சுற்றிவந்த வேட்டியின் நுனியால் துடைத்தார். புகை ரொம்ப இருக்கிறது என்றார். போகியும் ஜி.எஸ்.டி. ரோடும் சேர்ந்த நாள், புகைக்குக் குறைவில்லைதான். நானும் அதை ஒப்புக்கொண்டேன்.

பிறகு எழுந்தார். பேட்டரி மூட்டையை என் கையில் கொடுத்தார். சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டி எடுத்து, கரும்பு இடிக்காமல் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். மோட்டார் இல்லை. முதல் மிதியில் சைக்கிள் கோணலாகப் போய் ஒரு சூட்கேஸைத் தொட்டது. இரண்டாவது மிதியில் நேரானது. பிறகு ஓரத்துச் சந்தில், நின்றுகொண்டிருந்த பஸ்களைத் தாண்டி, விழுப்புரம் பஸ்ஸையும் திருச்சி பஸ்ஸையும் தாண்டி, கரும்புத் தோகை ஆட ஆட எங்கள் சார் மெதுவாகப் போனார். ஒரு பஸ் ஜன்னலில் இருந்து யாரோ கை தட்டினார்கள். அக்கா வேகமாக நடந்தார். பேட்டரியைச் சுமந்துகொண்டு நான் பின்னால் ஓடினேன்.

"மெதுவா போங்க" என்று கத்தினார் அக்கா.

"இதுக்கு மேல மெதுவா போனா விழுந்துருவேன்" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

மறுநாள் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கும் ஒரு ஜோடிக் கரும்பு வந்தது. தை பிறந்த இரண்டாவது வாரம் சார் பம்மல் பட்டறைக்கு வேலைக்குத் திரும்பினார். மேடு வந்தால் மோட்டார், சமதளத்தில் கால். போன மாதம் திருநீர்மலை அடிவாரம்வரை போய் வந்ததாகச் சொன்னார். அடுத்தது ஏலகிரி என்கிறார். கஸ்தூரி அக்கா தனக்கும் ஒரு சைக்கிள் வேண்டும் என்று தாம்பரம் கடையில் விசாரித்திருக்கிறார், சிவப்பு நிறத்தில்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் சார் வீடு திரும்புவார். அவர் தலை தெருமுனையில் தெரிகிறவரை நான் பால்கனியை விட்டு உள்ளே போவதில்லை. காற்று வாங்குவதாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.